கண்ணால் கற்பதும் கையால் கற்பதும்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில், ஆடித்தபசுத் திருவிழாவினால் பெயர்பெற்ற ஊர். விழா நாளில் மக்கள் வெள்ளத்தால் நிறையும் அவ்வூரில், ஏனைய நாள்களில் விசைத்தறிகளின் ஓசையே ஓங்கி நிற்கும். அங்கிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் செல்லுதல் வேண்டும். சாலையில் வண்டி கவிழ்ந்து ஒருவர் வயிற்றில் அடிபட்டு விழுந்தால், 2008-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் 108 அவசர ஊர்தி விரைந்து வருகின்றது. அதில் ஓட்டுநரோடு மருத்துவ உதவியாளர் ஒருவரும் இருப்பார்.

விழுந்தவர் உடலில் ஒரு துளிக் குருதியும் காணப்படாமல் இருக்கலாம். ஆயினும் உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்து, குருதி வயிற்றுள் தேங்கிக்கொண்டிருக்கலாம். நாடி விரைகின்றது, தோல் குளிர்கின்றது, குருதி அழுத்தம் தாழ்கின்றது. இக்குறிகள் தெளிவாகத் தோன்றுமுன்னரே, உள்ளிருப்பதைக் கண்டறிய வழி உண்டா?

உண்டு. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையிலான ஒலியையே கேட்கும். அதனினும் மிக்க அதிர்வுடையது மீயொலி. வயிற்றைக் காணப் பயன்படும் கருவி, நொடிக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை அதிரும் ஒலியை உடலுள் செலுத்துகின்றது. உறுப்புகளில் பட்டு மீளும் எதிரொலி திரையில் படமாகின்றது. தேங்கிய குருதி எதிரொலி தாராமையால் கருமையாகத் தோன்றும். இதயத்தைச் சுற்றி, கல்லீரலுக்கும் வலச் சிறுநீரகத்துக்கும் இடையே, மண்ணீரலின் அருகே, அடிவயிற்றில் ஆகிய நான்கு இடங்களிலும் அக்கருமையைத் தேடுவர். கருமை காணப்படாவிடினும் குருதிப்பெருக்கு இல்லை எனத் துணிதல் பிழையாகும். தொடக்கத்தில் சிறிதளவு குருதி கண்ணுக்குத் தப்பிவிடும்.

மேலைநாடுகள் சிலவற்றில் ஊர்திப் பணியாளருக்கும் இக்கலையைக் கற்பிக்கின்றனர். இதனை வகுப்பறையில் கற்பித்தல் நன்றோ, இணையவழிக் கற்பித்தல் நன்றோ என்னும் வினா அங்கே எழுந்தது. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்று பயிலகங்களை மூடச்செய்தபோது அவ்வினா வலுப்பெற்றது.

இணையவழிக்குச் சிறப்புண்டு. இரவுப்பணி முடித்தவர் தம் ஊரை விட்டு நீங்காமலே பாடம் கேட்கலாம்; விளங்காத பகுதியை மீண்டும் காணலாம். நலமுள்ள வயிறு, குருதி தேங்கிய வயிறு ஆகியவற்றின் படங்களை நூற்றுக்கணக்கில் ஒப்பிட்டுக் கண்ணைப் பழக்கலாம். ஒரே ஆசிரியரின் விளக்கம் பல ஊர்களுக்கும் சென்று சேரும்.

ஆனால் படத்தை அறிதல் வேறு. படத்தைப் பெறுதல் வேறு. கருவிமுனையைச் சிறிதே சாய்த்தாலும் சிறுநீரகம் திரையை விட்டு மறைந்துவிடும். விலா எலும்பின் நிழல் குறுக்கே விழும். பருத்த உடலில் ஓர் அழுத்தம், குழந்தை உடலில் வேறோர் அழுத்தம். அடிபட்டவரோ வலியால் துடிப்பார். அறுந்த இழையை நொடியில் முடிச்சிடும் தறித் தொழிலாளியைச் சங்கரன்கோவிலில் கேட்டுப் பாருங்கள்; அதைச் சொல்லிக் காட்ட அவராலும் இயலாது. இங்கும் ஆசிரியர், கற்பவரின் கைமேல் தம் கையை வைத்துத் திருத்துதல் வேண்டும். ஆதலின் கருத்துகளை இணையத்தில் முன்னரே கற்று, பின்னர்ச் சிறு குழுவாக வகுப்பில் கருவியோடு பழகும் முறையே ஏற்றதெனத் தோன்றுகின்றது. பெரிய வகுப்பில் ஒரே கருவியை எட்டி நின்று பார்த்தவர், நேரில் கற்றும் கல்லாதவரே.

நம் நாட்டில் வேறொரு தடையும் உண்டு. கருவின் பால் அறிந்து பெண் சிசுவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-ஆம் ஆண்டு இயற்றிய சட்டம், மீயொலிக் கருவியைப் பதிவுபெற்ற இடத்தில், தகுதியுள்ள மருத்துவர் கையாளுமாறு கட்டுப்படுத்துகின்றது. தேவையான காவல்தான், ஆயினும் ஊர்தி உதவியாளர் கைக்கு அக்கருவி எளிதில் வாராமைக்கு அதுவும் ஒரு காரணம்.

கருவி வந்தாலும், படம் எடுப்பதற்காக ஊர்தியைச் சாலையில் நிறுத்துதல் தகாது. ஓடும் வண்டியிலேயே அது முடிதல் வேண்டும். இன்று சங்கரன்கோவில் உதவியாளர் நாடியை எண்ணுகின்றார். குருதி அழுத்தத்தை அளக்கின்றார். உயிர்க்காற்று கொடுத்து, மருத்துவமனைக்கு முன்கூட்டியே செய்தி அனுப்புகின்றார். குலுங்கும் வண்டியில் நாடியை விரலால் உணரும் திறனும், ஒருவர் கையைப் பிடித்துப் பார்த்துப் பழகி வந்ததே.