டிராகன்ஸ் பட்டியலில் நம் பையன் பெயர் எங்கே?

ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் கூடும் பேக்கரியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது. நின்றபடியே ஒரு டீ, ஒரு தேங்காய் பன், அப்புறம் பேச்சு. சுற்றிலும் கிரிக்கெட் பேச்சுதான் இருக்கும். கோவை கிங்ஸ் 2022-லும் 2023-லும் டி.என்.பி.எல். கோப்பை வாங்கிய ஊர், பேசாமல் என்ன செய்வார்கள்? எங்கள் நாலைந்து பேருக்கு மட்டும் ஹாக்கி. அதிலும் தமிழ்நாடு டிராகன்ஸ் என்றால் டீ ஆறிப்போகும்.

எங்களில் மூத்தவர் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். எல்லாருக்கும் அவர் ‘மாஸ்டர்’தான். 2024 அக்டோபரில் ஏலம் முடிந்த அன்று வீரர்கள் பட்டியலைப் போனில் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேலிருந்து கீழாக இரண்டு தரம் படித்தார்.

“எல்லாம் செரிதானுங்க. நல்ல ஆளுகளாத்தான் எடுத்திருக்கறாங்க. நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தம் பேரு இதுல இருக்குதுங்களா, சொல்லுங்க பாக்கலாம்?”

அவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், எடுத்த ஆட்களைப் பற்றி. 2017-க்குப் பிறகு நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக், 2024 டிசம்பர் கடைசியில் எட்டு ஆண்கள் அணிகளோடு மறுபடி தொடங்கியது. அப்போது ஓர் அணிக்கு 24 வீரர்கள். அதில் குறைந்தது 16 பேர் இந்தியர்கள், எட்டுப் பேர் வெளிநாட்டவர். அந்த இந்தியர்களில் நான்கு பேர் ஜூனியர் வீரர்களாக இருந்தே ஆக வேண்டும் என்றிருந்தது. செலவுக்கு 4 கோடி ரூபாய். சார்லஸ் குழுமம் நடத்தும் நம் டிராகன்ஸ் அணி, நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சத்துக்கும், அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கும், அயர்லாந்தின் கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டை 32 லட்சத்துக்கும் எடுத்தது. கூட்டினால் 1 கோடியே 34 லட்சம். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு மூன்றே பேருக்கு. அந்த மூவரும் பின்வரிசை ஆட்கள்.

இதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஏன் என்பது ஒரு பெனால்டி கார்னரைக் கிட்டே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கோல் கோட்டில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர். முகத்துக்கு மாஸ்க், முழங்காலுக்குப் பேட். ‘டி’யின் உச்சியில் எதிரணியின் டிராக் ஃபிளிக்கர் குனிந்து நிற்கிறார். ஓரத்திலிருந்து பந்து தள்ளப்பட்ட அதே கணம், கோல் கோட்டிலிருந்து ஒருவர் ஸ்டிக்கை முன்னால் நீட்டிக்கொண்டு நேராக அவரை நோக்கியே ஓடுகிறார். இவரைத்தான் ஃபர்ஸ்ட் ரஷ்ஷர் என்கிறார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரக்கூடிய பந்தின் வழியில் தன் உடம்பைக் கொண்டுபோய் வைப்பது இவர் வேலை. பந்து முழங்காலில் படலாம், விரலில் படலாம், முகத்துக்கும் வரலாம். அடுத்த கார்னருக்கும் அவர்தான் ஓட வேண்டும். உலகத்தில் இந்த வேலையைச் சிறப்பாகச் செய்பவர்களில் ஒருவர் அமித் ரோஹிதாஸ். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டினார்கள். பத்துப் பேரோடு ஆடி ஷூட் அவுட்டில் இந்தியா ஜெயித்தது. தடையால் அவர் வெளியே உட்கார்ந்திருந்த அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். அவர் இருந்திருந்தால் இறுதிப் போட்டிக்குப் போயிருப்போம் என்று இன்றுவரை நம்புகிறேன்.

கார்னரைத் தடுக்க ரோஹிதாஸ். அடிக்க யான்சன், பாரிஸில் தங்கம் வாங்கிய நெதர்லாந்து அணியின் டிராக் ஃபிளிக்கர். அதையும் தாண்டி வந்தால் பிடிக்க ஹார்ட். இந்த மூன்று இடங்களில் எட்டு அணிகளில் எதற்கும் நாம் குறைந்தவர்கள் இல்லை.

குறை நடுக்களத்தில் இருந்தது. பந்தைப் பின்னாலிருந்து வாங்கி, இரண்டு பேரைக் கடந்து, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த ஒரு தலைமை ஆட்டக்காரர் இல்லை. ஹர்திக் சிங்கை உத்தரப்பிரதேச அணி 70 லட்சம் கொடுத்து எடுத்தது. நம் பணம் அதற்குள் பின்வரிசைக்குப் போயிருந்தது. அதனால் கார்னர் கிடைத்தால் கோல், கிடைக்காவிட்டால் திணறல் என்று பல ஆட்டங்கள் போயின. நான்காம் இடம். அரையிறுதியில் ஷ்ராச்சி ராஹ் பெங்கால் டைகர்ஸிடம் ஷூட் அவுட்டில் போனது. அந்தப் பெங்கால் அணிதான் 2025 பிப்ரவரி 1 அன்று ஹைதராபாத் தூஃபான்ஸை 4-3 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. ஜுக்ராஜ் சிங் அதில் ஹாட்ரிக் அடித்தார்.

எதிரணிகளில் யாரைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கும் என்று கேட்பார்கள். பேக்கரியில் பாதிப் பேர் ஹைதராபாத் என்பார்கள், பக்கத்து ஊர் என்பதால். எனக்குப் பெங்கால்தான். அவர்கள்மேல் வெறுப்பு என்று ஏதும் கிடையாது, பொறாமைதான் உண்டு. 72 லட்சத்துக்கு அபிஷேக்கை முன்வரிசைக்கு எடுத்துவிட்டு, ஜுக்ராஜையும் ரூபிந்தர் பால் சிங்கையும் கார்னருக்கு வைத்துக்கொண்டார்கள். நாம் செய்திருக்க வேண்டிய கணக்கு அது.

இதையெல்லாம் நாங்கள் போனில்தான் பார்த்தோம். அந்த சீசனின் ஆண்கள் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒடிசாவின் ரூர்கேலாவில், பிர்சா முண்டா மைதானத்தில் நடந்தன. பெயரில் தமிழ்நாடு. தமிழ்நாட்டில் ஒரு ஆட்டம்கூட இல்லை. கோவை வழியாகவே ஆலப்புழா - தன்பாத் எக்ஸ்பிரஸ் ரூர்கேலாவுக்குப் போகிறது என்றாலும், விடுப்பு எடுத்து அவ்வளவு தூரம் போக எங்களில் யாருக்கும் வழியில்லை.

ஆனால் அந்த ரயிலில் வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் ஒரு வேலையாகத் திருப்பூர் போயிருந்தேன். பனியன் கம்பெனி ஒன்றின் வாசலில் ஷிஃப்ட் முடிந்து நாலு பையன்கள் ஒரே போனைச் சுற்றி நின்றார்கள். எட்டிப் பார்த்தால் டிராகன்ஸ் ஆட்டம்! நம் ஊர்க்காரர் ஒருவரும் பார்க்காததை இவர்கள் பார்க்கிறார்களே என்று பேச்சுக் கொடுத்தேன். ஒருவன் சுந்தர்கர் மாவட்டம். ரோஹிதாஸ் பிறந்த மாவட்டம் அதுதான், ரூர்கேலா இருப்பதும் அங்கேதான். “அமித் அண்ணா எங்க ஊரு. அண்ணா எந்த டீமோ அதுதான் எங்க டீம்” என்றான், கலந்து கட்டிய தமிழில். பையில் பழைய ஸ்டிக் ஒன்று வைத்திருக்கிறானாம். விளையாட இடம் தெரியவில்லை என்றான். எனக்கும் அவனுக்குச் சொல்ல ஓர் இடம் வாயில் வரவில்லை.

அவன் ஊரை நினைத்துப் பாருங்கள். சுந்தர்கரில் மூங்கில் கழியை வளைத்து ஸ்டிக்காக்கி விளையாடும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். ஒடிசா அரசு 2018-இல் இந்திய அணிகளுக்கே ஸ்பான்சர் ஆனது. சுந்தர்கரில் வட்டாரத்துக்கு ஒரு செயற்கைத் தரை என்று திட்டம் போட்டு இறங்கினார்கள். 2024 நவம்பரில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியில் ஒடிசா ஹரியாணாவை 5-1 என்று அடித்ததை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நாம் சளைத்தவர்களா? மாஸ்கோ 1980-இல் தங்கம் வாங்கிய இந்திய அணியின் கேப்டன் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். 2022 ஏப்ரலில் போபாலில் தமிழ்நாடு ஆண்கள் அணி தேசியப் போட்டியின் இறுதிவரை போய் ஹரியாணாவிடம் ஷூட் அவுட்டில்தான் தோற்றது. அடுத்த மாதமே ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் தன் முதல் சர்வதேச ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்தார். கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அந்த அணியில் இருந்தார். 2023-இல் சென்னை எழும்பூர் மைதானத்தில் நடந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராகக் கார்த்தி கோல் அடித்தபோது அந்த அரங்கம் எழுந்து நின்றதை மறக்க முடியாது. டிராகன்ஸ் பட்டியலில் ‘நம்ம ஆள்’ என்று நான் முதலில் தேடிப் பார்த்த பெயரும் அவருடையதுதான்.

கார்த்தி, மாரீஸ்வரன் இருவரும் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர்கள். அந்த ஊரை ஹாக்கிப்பட்டி என்றே சொல்வார்கள். கரிசல் காட்டில், தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஒரு சின்ன ஊர் இதைச் செய்திருக்கிறது. அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டரில் இருக்கும் கோவைக்கு மில் உண்டு, பவுண்டரி உண்டு, பம்புசெட் உண்டு, காலேஜுக்குக் குறைவே இல்லை. ஹாக்கியில் எங்கள் பெருமை என்று கேட்டால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆடிய ஆதம் சின்கிளேர் பெயரைச் சொல்வோம். கோவையில் பிறந்த முன்வரிசை ஆட்டக்காரர். அது நடந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. அவருக்குப் பிறகு யார் என்று கேட்டால் பேக்கரியே அமைதியாகிவிடும்.

2025 டிசம்பர் 10 அன்று எழும்பூர் மைதானத்தில் இருந்தேன். ஜூனியர் உலகக் கோப்பை, வெண்கலத்துக்கான ஆட்டம். அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த இந்தியப் பையன்கள் கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் அடித்தார்கள். தொண்டை கட்டிப்போகும் வரை கத்தினேன். ரயிலில் திரும்பும்போதுதான் அணிப் பட்டியலை மறுபடி பார்த்தேன். சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்திய உலகக் கோப்பை, அதில் ஆடிய இந்திய அணியில் ஒரு தமிழ்நாட்டுப் பெயர்கூட இல்லை.

காரணத்தை மாஸ்டர் ஒரே வாக்கியத்தில் சொல்வார்: “மண்ணுல கத்துக்கிட்டு டர்ஃப்ல பரீட்சை எழுதச் சொன்னா எப்புடீங்க?” மண் தரையில் பந்து துள்ளும். பையன் ஸ்டிக்கைச் சற்றுத் தூக்கி, உடம்பை நிமிர்த்தி, துள்ளலுக்குக் காத்திருந்து நிறுத்தப் பழகுவான். தண்ணீர் அடித்த டர்ஃபில் பந்து துள்ளாது, வழுக்கிக்கொண்டு வரும். நன்றாகக் குனிந்து, ஸ்டிக்கைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தால்தான் நிற்கும். பத்து வயதில் பழகிய கையைப் பதினாறு வயதில் மாற்றச் சொன்னால், மாற்றி முடிப்பதற்குள் தேர்வு முகாம் முடிந்துவிடும். என் கண் முன்னாலேயே இரண்டு மூன்று நல்ல பையன்கள் இப்படித்தான் ஸ்டிக்கை மூலையில் சாய்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

நீலகிரிக்கு அந்தப் பக்கம் குடகு. அங்கே 1997-இல் பாண்டண்ட குட்டப்பா தொடங்கிவைத்த குடும்ப ஹாக்கித் திருவிழா 60 குடும்பங்களோடு ஆரம்பித்தது. 2024-இல் 360 குடும்பங்கள் அணி இறக்கி கின்னஸில் இடம் பிடித்தன. தாத்தாவும் பேத்தியும் ஒரே அணியில் நிற்பார்கள். அங்கே வீட்டுக்கு வீடு எதிரணி, ஊருக்கு ஊர் ரசிகர். கொங்கு நாட்டில் கபடிக்கு அப்படி ஓர் ஊர் உறவு இருக்கிறது, பொங்கல் வந்தால் மைதானம் தானாகத் தயாராகும். ஹாக்கிக்கும் பொள்ளாச்சி, உடுமலை, கோபி என்று நாலு ஊர் சேர்ந்தால் போதும், பத்து வருஷத்தில் பலன் தெரியும்.

இப்போது ஆர்.எஸ்.புரத்துக்கே டர்ஃப் வந்திருக்கிறது. மாநகராட்சி ஹாக்கிக்கென்றே மைதானத்தைக் கையில் எடுத்தது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எழுதிக் காட்ட முடியாது. 2026 ஜனவரியில் லீக் ஆட்டங்கள் சென்னைக்கும் வந்துவிட்டன. குறை சொல்லி உட்கார்ந்திருக்கும் காலம் முடிந்தது, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

மாநகராட்சிக்கு: அந்த மைதானத்தைக் காலை ஆறு மணிக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் திறந்துவிடுங்கள். தரைக்குத் தண்ணீர் அடிப்பதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். தண்ணீர் இல்லாத டர்ஃப் முழங்காலைத் தின்னும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வரக்கூடிய அந்த சுந்தர்கர்ப் பையனுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவனிடமிருந்து நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

டிராகன்ஸ் நிர்வாகத்துக்கு: யான்சனை எடுங்கள், ஹார்ட்டை எடுங்கள், கோப்பைக்காக யாரை வேண்டுமானாலும் எடுங்கள். ஜூனியர்களுக்கான இடங்களில் மட்டும் இரண்டைத் தமிழ்நாட்டுப் பையன்களுக்கு வையுங்கள். ஆட்டத்தில் இறக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ரோஹிதாஸ் கார்னருக்கு எப்படி ஓடுகிறார் என்பதை ஒரு மாதம் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அடுத்த ஏலத்துப் பட்டியலையும் மாஸ்டரிடம் நான்தான் காட்டப்போகிறேன்.