மீனவர் மகனின் 56 ஆட்டங்கள்

பலேர்மோ நகரின் கபோ சந்தையிலிருந்து வடமேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் இசோலா தெல்லே ஃபெம்மினே என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கிருந்து 1898இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய மீனவர் ஜூசெப்பே டிமாஜியோ. பின்னால் போய்ச் சேர்ந்த மனைவியின் பெயர் ரோசலியா. அது பலேர்மோவின் காவல் புனிதையின் பெயர். பெல்லெக்ரினோ மலையில் அந்தப் புனிதைக்குள்ள குகைக் கோயிலுக்குப் பலேர்மோவில் வாழும் ஈழத் தமிழர்கள், சைவர்கள் உட்பட, இன்றும் நேர்த்தி வைத்து ஏறுகிறார்கள்.

இந்தத் தம்பதியரின் ஒன்பது பிள்ளைகளில் எட்டாமவர் ஜோ டிமாஜியோ. 1914 நவம்பர் 25 அன்று கலிபோர்னியாவில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தார். பிள்ளைகள் தன்னோடு கடலுக்கு வர வேண்டும் என்பது தகப்பனின் ஆசை. ஜோவுக்கோ மீன் வாடையே ஆகாது. அண்ணன் வின்ஸ் வழியில் அவரும் பேஸ்பாலுக்குப் போனார். 1933இல், 18 வயதில், கீழ்நிலை லீகில் ஆடிய சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் அணிக்காகத் தொடர்ந்து 61 ஆட்டங்களில் ஹிட் அடித்தார். 1936இல் நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை முதன்மை லீகில் களமிறக்கியது.

ஹிட் என்றால் என்ன? எறியப்பட்ட பந்தை அடித்துவிட்டு, எதிரணி ஆட்டமிழக்கச் செய்வதற்குள் மட்டையாளர் குறைந்தது முதல் பேஸுக்காவது ஓடிச் சேர வேண்டும். எதிரணியின் பிழையால் பிழைத்தால் அது ஹிட் ஆகாது. ஓர் ஆட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ நான்கு வாய்ப்புகள். பத்துக்கு மூன்று முறை ஹிட் அடிப்பவரே சிறந்த மட்டையாளர். கிரிக்கெட்டில் ஒரு நாள் சதம் அடித்தவர் மறுநாள் பூஜ்யத்தில் போனாலும் சராசரி காப்பாற்றும். தொடர் சாதனையில் அந்தச் சலுகை கிடையாது. ஒரே ஓர் ஆட்டம் வெறுமையாகப் போனால் எல்லாம் முடிந்தது.

1941 மே 15 அன்று டிமாஜியோவின் தொடர் ஆரம்பித்தது. ஜூன் 29 அன்று வாஷிங்டனில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதலாவதில் முந்தைய வீரர் ஜார்ஜ் சிஸ்லரின் 41 ஆட்டத் தொடரைத் தொட்டார். இடைவேளையில் அவருடைய மட்டை திருடு போனது. சக வீரர் டாமி ஹென்ரிக்கிடமிருந்த மட்டையை வாங்கி ஆடி, 42ஐ எட்டினார். ஜூலை 2 அன்று ஒரு ஹோம் ரன்னோடு, வில்லி கீலர் 1897இல் வைத்த 44ஐயும் தாண்டினார். ஜூலை 17 அன்று கிளீவ்லாந்தில் 67,468 பேர் முன்னிலையில் தொடர் 56 ஆட்டங்களோடு அறுந்தது. மூன்றாம் பேஸில் நின்ற கென் கெல்ட்னர், ஹிட் ஆகியிருக்க வேண்டிய இரண்டு பந்துகளை மறித்துவிட்டார். மறுநாளே ஜோ மீண்டும் ஹிட் அடித்தார். அதிலிருந்து இன்னும் 16 ஆட்டங்கள் தொடர்ந்தார்.

நூற்றுக்கு 35 வாய்ப்புகளில் ஹிட் அடிக்கும் ஒருவர், ஆட்டத்துக்கு நான்கு வாய்ப்பு வீதம், குறிப்பிட்ட 56 ஆட்டங்களிலும் விடாமல் அடிப்பதற்கான சாத்தியம் ஏறத்தாழ அறுபதாயிரத்தில் ஒன்று. விளையாட்டுச் சாதனைகளில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை மிகக் குறைவு.

அந்தப் புகழ் பெற்றோரைக் காக்கவில்லை. அமெரிக்கா இத்தாலியோடு போரில் இருந்த 1942இல், குடியுரிமை பெறாத இத்தாலியர் என்பதால், ஜூசெப்பேயும் ரோசலியாவும் ‘எதிரி நாட்டு அந்நியர்’ ஆனார்கள். முதிய மீனவர் தன் தொழில் நடந்த துறைக்கே போகக் கூடாது என்றது அரசு. நாடே கொண்டாடிய வீரனின் வீட்டுக்கு இழைக்கப்பட்ட அநீதி இது. அடுத்த ஆண்டு மகன் அதே நாட்டின் படையில் சேர்ந்தார். மூன்று பருவங்கள் ஆடவில்லை.

வின்ஸ், ஜோ, தம்பி டொமினிக் மூவருமே முதன்மை லீகில், களத்தின் நடுப்பகுதியைக் காக்கும் சென்டர் ஃபீல்டர்கள். 1949இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக டொமினிக் 34 ஆட்டங்கள் தொடர்ந்து ஹிட் அடித்தார். அது இன்றும் அந்த அணியின் சாதனை. ஆகஸ்ட் 9 அன்று எதிரணி யாங்கீஸ். தம்பி கடைசி வாய்ப்பில் வேகமாக அடித்த பந்தைப் பிடித்துத் தொடரை முடித்துவைத்தவர் அண்ணன் ஜோ.

யாங்கீஸுக்காக 13 பருவங்கள் ஆடி, முதன்மை லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் ஒன்பது வெற்றிகளில் பங்கேற்று, 1951இல் ஜோ ஓய்வு பெற்றார். 1999இல் காலமானார். 1941க்குப் பிறகு முதன்மை லீகில் 40 ஆட்டங்கள் தொடர்ந்து ஹிட் அடித்தவர் பீட் ரோஸ் ஒருவரே. 1978இல் அவர் 44இல் நின்றார்.