களை வரிசையும் கணக்கு நோட்டும்

பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கேழ்வரகுக்குக் களை எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிசை தெரியும். பத்துப் பெண்கள் குனிந்தபடி ஒரே சீராக முன்னேறுவார்கள். பின்தங்கினால் வரப்பில் நிற்கும் காட்டுக்காரர் கண்ணில் படும்; மறுநாள் கூப்பிடமாட்டார். ஆனாலும் மாசமாக இருப்பவளும், முட்டி பிடித்துக்கொண்ட கிழவியும் அதே வரிசையில் பின்தங்காமல் போனார்கள். பக்கத்தில் இருப்பவள் தன் பங்கோடு அவள் பங்கிலும் நாலு களையை எட்டிப் பிடுங்கிக்கொண்டே போவாள். சொல்லிச் செய்வதில்லை, சொன்னால் காட்டுக்காரருக்கும் கேட்டுவிடும்.

அன்றைய உதவிகள் எல்லாமே இப்படிக் கண்மறைவில் நடந்தவை. தூக்குப்போசி இல்லாமல் வந்தவளுக்கு ஆளுக்கொரு வாய் களி. மரத்தடித் தூளியில் கிடக்கும் பிள்ளையைக் குனிய முடியாத கிழவி ஆட்டுவாள். புளி தட்டும் பருவத்தில் கிலோ கணக்கில்தான் கூலி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதியில் எழுந்து போனவளின் குவியலில், கொட்டை நீக்கிய புளி இரண்டு கை கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

காசு என்று வந்தால் மட்டும் அந்தக் கை எட்டாது. எல்லார் முந்தானையும் காலி. ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தோடு அடகுக்குப் போகும்; இல்லையென்றால் வட்டிக்காரர்.

அங்கேதான் 1989 வருகிறது. பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான். 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரியும் அப்போது இதே மாவட்டம். 12 முதல் 20 பேர், சிறு சேமிப்பு, அதிலிருந்தே கடன், ஒரு கணக்கு நோட்டு. நகையும் பத்திரமும் கேட்காத அந்தக் கடனுக்குப் பிணை, பக்கத்தில் நின்று களை எடுத்தவளைத் தெரியும் என்பதுதான். 1997-98இல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் அது மாநிலம் முழுவதும் பரவத் தொடங்கியது.

பிறகு நூறு நாள் வேலை. வேலை நடக்கும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேராவது இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும், அவளுக்கும் கூலி உண்டு என்றது 2005ஆம் ஆண்டுச் சட்டம். தூளி ஆட்டிய கிழவிக்கு அதுவரை யாரும் கூலி கொடுக்க நினைத்ததில்லை. எல்லா இடத்திலும் நடந்ததா என்பது வேறு பேச்சு. ஆனால் உபகாரமாக இருந்தது உரிமையாக எழுதப்பட்டது.

எழுதியதால் இழந்ததும் உண்டு. குழுக் கடனின் தவணை நாளில் ஒருத்தி கட்டத் தவறினால், கூடச் சிரித்தவர்களே அவள் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் வருகைப் பதிவுக்குத் தினம் இரண்டு முறை செல்போன் படம் கட்டாயமானது. "வந்துடுவாங்க, பேரை எழுதிக்கோங்க" என்று தாமதமாகி வருபவளுக்காகப் பேசிய வாய்க்கு அதில் வேலை இல்லாமல் போனது.

இன்று அந்தப் பெண்களின் மகள்களில் பலர் விடியும் முன்னே ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனி வேன்களில் ஏறுகிறார்கள். வரப்புக்குப் பதில் டார்கெட். ஆனால் வேனில் இடம் பிடித்து வைப்பவளும், இரவு ஷிப்ட் முடிந்து அசந்து தூங்குபவளுக்குத் தோள் கொடுத்து, அவள் ஊர் வந்ததும் தட்டி எழுப்புபவளும் இருக்கிறார்கள். இதற்கு இன்னும் நோட்டு வரவில்லை. வரவும் வேண்டாம்.

கூலியும் கடனும் பிள்ளைப் பராமரிப்பும் கணக்கில் ஏறியது நல்லது; அவற்றை யாருடைய இரக்கத்துக்கும் விட்டுவைக்கக் கூடாது. ஆனால் கணக்குக்குப் பக்கவாட்டில் பார்க்கத் தெரியாது. அதை மனிதர்தான் செய்ய வேண்டும். நாளை வேலைக்குப் போனதும் உங்கள் வரிசையில் பின்தங்குபவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நாலு களைதான். சொல்லாமல் பிடுங்கிவிட்டுப் போங்கள்.