ஆள் தேடித் தரும் தொழில்: முதல் குறைவு, நம்பிக்கை அதிகம்

தெஹிவளையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கடையில்லை, களஞ்சியமில்லை. ஒரு தொலைபேசி, ஒரு கணினி, ஒரு தடித்த குறிப்புப் புத்தகம், அவ்வளவுதான். கம்பனிகளுக்கு முகாமையாளர், கணக்காளர், விற்பனைப் பொறுப்பாளர் என மேல்மட்டப் பதவிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கிறார். பதினைந்து வருடங்களாக இதில்தான் குடும்பம் நடக்கிறது.

“இதென்ன, தரகு வேலைதானே” என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். அந்த நினைப்பில் நான் செய்த தவறையும் இங்கு சொல்லியாக வேண்டும்.

இது நேற்று முளைத்த தொழிலல்ல. 1926 இல் தோர்ன்டைக் டிலாண்ட் என்பவர் நியூயோர்க்கில் இதனைத் தொடங்கினார். 1953 இல் ஹைட்ரிக், ஸ்ட்ரகிள்ஸ் என்ற இருவர் சிக்காகோவில் பங்காளிகளாகச் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம் இன்று உலகெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கம்பனிகள் பெருகின. அவற்றை நடத்தத் தேர்ந்த ஆட்கள் போதவில்லை. அந்தத் தட்டுப்பாடுதான் இத்தொழிலை வளர்த்தது.

கட்டணம் வாங்குவதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆள் வேலையில் சேர்ந்தால் மட்டும் பணம். மற்றையது, தேடத் தொடங்கும்போதே ஒரு பகுதி, இடையில் ஒரு பகுதி, முடிவில் ஒரு பகுதி. அமெரிக்காவில் இரண்டாவது வழியில் முதல் வருடச் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு வரை கேட்பது வழக்கம். நமது தம்பி பெரும்பாலும் முதலாவது வழியில், ஒரு மாதச் சம்பளத்துக்குத்தான் பேசிக்கொள்கிறார்.

மூன்று இலட்சம் ரூபா சம்பளப் பதவியென்றால் அவருக்கு மூன்று இலட்சம். கேட்க நல்லாயிருக்கும். ஆனால் இன்று தேடத் தொடங்கினால் நேர்முகம், பேச்சுவார்த்தை, பழைய இடத்தில் விலகல் அறிவித்தல் எல்லாம் முடிந்து காசு கைக்கு வர நாலைந்து மாதமாகும். பத்து இடத்துக்குத் தேடினால் மூன்று, நான்குதான் கைகூடும். ஆகவே ஆறு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது என்பது அவர் சொல்லும் முதற்பாடம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2016 இல் எங்கள் புடவைக் கடைக்கு ஒரு கணக்காளர் தேவைப்பட்டார். தம்பி மூவரை அனுப்பினார். ஒருவரை எனக்குப் பிடித்துவிட்டது. “யோசித்துச் சொல்கிறேன்” என்று அனுப்பிவிட்டு, இரண்டு மாதம் கழித்து அவரை நேரடியாக அழைத்து வேலைக்கு வைத்துக்கொண்டேன். கட்டணம் மிச்சம் என்று எனக்குள் ஒரு பெருமை. விடயம் தம்பியின் காதுக்கும் போனது. “நானா, அவர் உங்களிடம் இருப்பது சந்தோஷம்” என்றார். வேறொன்றும் பேசவில்லை.

2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது படித்தவர்கள் பலரும் நாட்டைவிட்டுப் போனார்கள். எங்கள் கணக்காளரும் குடும்பத்தோடு போய்விட்டார். தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டும் ஆள் கிடைக்கவில்லை. வெட்கத்தை விட்டுத் தம்பியை அழைத்தேன். “ஒழுங்காகப் பணம் தருகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் நானா. அவர்களைப் பிந்தவிட்டு உங்களுக்கு எப்படித் தேடுவேன்?” என்று மெதுவாகக் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்த வாரம் பழைய கட்டணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் பற்றுச்சீட்டு எழுதினார். பிறகுதான் காசை வாங்கினார். அதன் பின்னர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, “எப்படியான ஆள் வேண்டும், சொல்லுங்கள்” என்றார். ஒன்றரை மாதத்தில் ஆள் வந்து சேர்ந்தார்.

இத்தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்காக அவரிடம் கேட்டறிந்தவற்றைத் தருகிறேன்.

எல்லாத் துறையிலும் கை வைக்காமல் ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் யார் எங்கே வேலை செய்கிறார் என்பது விரல்நுனியில் இருக்க வேண்டும். ஆளின் பெயரைச் சொல்லுமுன் கட்டணத்தை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அறிமுகப்படுத்திய ஆளை ஒரு வருடத்துக்குள் எடுத்தாலும் கட்டணம் உண்டு என்று அதில் இருக்கட்டும். (இந்த வரியை என்னால்தான் சேர்த்தாராம்!) மூன்று மாதத்துக்குள் ஆள் விலகினால் மேலதிகக் கட்டணமின்றி வேறு ஆள் தேடிக் கொடுங்கள்.

வேலை தேடி வருபவரிடம் ஒரு சதமும் வாங்காதீர்கள். அவருடைய விபரத்தை அவரைக் கேட்காமல் எவருக்கும் அனுப்பாதீர்கள். அவர் இப்போதைய முதலாளிக்குத் தெரிந்தால் உள்ள வேலையும் போய்விடும். நீங்கள் ஆள் கொடுத்த கம்பனியிலிருந்தே ஆளைக் கிளப்பாதீர்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவது வேறு தொழில். அதற்கு 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. சரக்குக் கொடுத்தவனுக்குத் தவணை தப்பாமல் பணம் கட்டுகிறோம். ஆளைத் தேடிக் கொடுத்தவனின் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதற்காக அது கடனில்லை என்றாகிவிடாது. நான் அன்று மிச்சம் பிடித்தது ஒரு மாதச் சம்பளம். அதை ஆறு வருடம் கழித்து, தலைகுனிந்து கட்டினேன்.