வரைபடத்தில் விரியும் வனம்

நிலத்தைத் தாவரத்தின் பெயரால் அழைத்தனர் சங்கச் சான்றோர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகிய ஐந்தும் செடி, கொடி, மரங்களின் பெயர்களே. ஓரிடத்தில் வளர்வதைக் கொண்டே அவ்விடத்தின் மழையையும் மண்ணையும் உயரத்தையும் உணரலாம் என்னும் இந்நோக்கு, இக்காலத் தாவர வரைபடத்திற்கும் அயலானதன்று.

தென்னிந்தியாவில் இப்பணியை முறையாக மேற்கொண்டது, 1955இல் நிறுவப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமாகும். தாவரவியலறிஞர் கோசென் வகுத்த நெறியில், பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவில் அமைந்த கன்னியாகுமரி வரைபடம் 1961இல் வெளிவந்தது. கோசெனின் அளவை மிக எளியது. ஒரு மாத மழை மில்லிமீட்டரில், அம்மாதச் சராசரி வெப்பநிலையின் இருமடங்குக்குக் குறைந்தால் அது வறண்ட மாதம். 25 பாகை வெப்பமுள்ள மாதத்திற்கு 50 மி.மீ. மழையேனும் வேண்டும் என்பது பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் வறண்ட மாதங்கள் இரண்டு அல்லது மூன்று. மும்பைப் பக்கமோ ஏறத்தாழ எட்டு. ஆண்டு மழை எவ்வளவு மிகினும், நீண்ட வறட்சியைத் தாங்காத மரங்கள் வடக்கே செல்லச் செல்ல மறைவதன் காரணம் இதுவே.

1982 முதல் பஸ்கல் முதலியோர் இரண்டரை இலட்சத்தில் ஒன்று என்னும் நுண்ணளவில் காட்டு வரைபடங்களை வெளியிட்டனர். இவற்றின் மீது சரணாலய எல்லைகளைப் பொருத்திப் பார்த்தால், எந்தக் காட்டுவகை காவலின்றிக் கிடக்கின்றது என்பது புலனாகும். 1997இல் வெளிவந்த அகத்தியமலை ஆய்வொன்று இம்முறையையே கைக்கொண்டது.

எனினும் வரைபடத்தை முற்றும் நம்புதலும் தவறு. இவ்வளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். குளத்துப்புழைப் பக்கத்துக் காட்டு ஜாதிக்காய்ச் சதுப்புகளுள் பல, இதில் ஒரு புள்ளியாகவும் இடம்பெறா. வானிலிருந்து நோக்கும் செயற்கைக்கோளுக்கோ, நிழல்மரங்களின் கீழ் அமைந்த ஏலத்தோட்டமும் இயற்கைக் காடாகத் தோன்றக்கூடும். ஆகவே, கால்நடையாகச் சென்று மரங்களை இனங்காணும் உழைப்பு இன்றும் தவிர்க்க இயலாதது.

பெயரிடுதலில் நேரும் பிழை இதனினும் கொடிது. மலையுச்சிப் புல்வெளிகளை ஆங்கிலேயர் ஆட்சி ஆவணங்கள் தரிசு நிலம் என்று குறித்தன. மரமில்லா இடமெல்லாம் பயனற்ற இடம் என்று கருதினார்கள் போலும்! விடுதலைக்குப் பின்னரும் அக்கருத்து மாறவில்லை. வாட்டில் எனப்படும் சீகை மரமும் தைலமரமும் அங்கே நடப்பட்டன. பழனிமலைப் புல்வெளிகள் நாற்பதாண்டுகளில் மூன்றில் இரு பங்கு சுருங்கிவிட்டதை, 1973 முதலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளிப்படுத்தியது.