மெலிந்த உடலும் தசை வளர்ச்சியும்

நன்றாகவே உண்டும் தன் உடம்பு தேறவில்லையென ஆண்டுதோறும் ஒரு மாணவனேனும் ஆசிரியரிடம் முறையிடக் காண்கின்றோம். தோழர் அவனை நோஞ்சான் என நகைப்பர். உற்றார் அவன் உண்பதில்லையென்பர். அவனோ பெற்றோர் தேடிய பணத்தைக் கொண்டு உடல் பெருக்கும் மாவகைகளையும் மாத்திரைகளையும் நாடுகின்றான். அவனது மெலிவு குற்றமன்று; ஆயின், முறையறிந்து முயன்றால் பெரும்பாலும் தீர்க்கத்தக்க குறையே அது.

உண்டும் உடல் தேறாமைக்குக் காரணம் யாது? 1999ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தைச் சார்ந்த லெவைன் முதலியோர் வெளியிட்ட ஆய்வொன்று இதனை விளக்கும். பதினாறு பேருக்கு, அவர்தம் தேவைக்கு மேலாக நாடோறும் 1000 கலோரி உணவு 8 வாரங்கள் அளிக்கப்பட்டது. ஒருவர் உடலிற் சேர்ந்த கொழுப்பு அரைக் கிலோகிராமிற்குங் குறைவு. மற்றொருவர் உடலிலோ 4 கிலோகிராமிற்கு மேல். உணவு கூடியதும் சிலர் தம்மையறியாமலே எழுவதும் நடப்பதும் அசைவதும் மிகுந்தமையே இவ்வேறுபாட்டுக்குப் பெருங் காரணம். வரவு கூடச் செலவுங் கூடும் இல்லத்திற் சேமிப்பு நில்லாமை போன்றது இது.

ஆகவே, மெலிந்தவன் பசியை மட்டும் நம்பாது அளவறிந்து உண்ணல் வேண்டும். வழக்கமான உணவோடு நாடோறும் 300 முதல் 500 கலோரி வரை கூட்டுக. இரு வாரங்களில் நிறை ஏறாவிடின் மேலுங் கூட்டுக. விரைவில் வயிறு நிறைவோர், சிறு அளவில் மிகுந்த சத்துடைய உணவைப் பன்முறை உண்பது நன்று. பூப்பெய்திய சிறுமியர்க்கு உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் ஊட்டிய நம் அன்னையர் இந்நுட்பத்தை அனுபவத்தால் அறிந்திருந்தனர் போலும். தசை வளர்க்க முயல்வோர்க்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமிற்கும் ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் நாடோறும் போதுமானது; 50 கிலோகிராம் உடையவனுக்கு இது 80 கிராம் ஆகும். முட்டையொன்றில் ஏறத்தாழ 6 கிராமும், 100 கிராம் உழுந்திலும் அதேயளவு கச்சானிலும் ஏறத்தாழ 25 கிராமும் புரதம் உண்டு. விலையுயர்ந்த மா இன்றியமையாததன்று.

எனினும், உணவு மட்டும் மிகின் கொழுப்பே பெரும்பாலும் சேரும். தனக்கிடப்பட்ட வேலை வலிதானால்தான் தசை வளரும். இதனை மருத்துவமுறையாக்கியவர் தோமஸ் டிலோம் என்னும் அமெரிக்க மருத்துவர். இளமையில் வாதக் காய்ச்சலால் நலிந்த இவர், பாரந்தூக்கித் தம் உடலைத் தேற்றியவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், முழங்காற் காயமுற்ற போர்வீரரின் நலிந்த தொடைத் தசைகளுக்குப் பாரத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சியளித்து, அதன் பயனை 1945இல் வெளியிட்டார். நேற்றைய பாரம் இன்று எளிதாயின், நாளை அதனைச் சிறிது கூட்டுக என்பதே அவர் முறையின் சாரம்.

இதற்கு இரும்புக் கருவிகள் வேண்டியதில்லை. மணல் நிறைத்த பையும் தண்டாலும் உட்கார்ந்தெழும் பயிற்சியும் தொடக்கத்திற்குப் போதும். பாரம் சிறிதாயினும், இனி இரண்டு மூன்று முறையே இயலும் என்னும் நிலைவரை செய்யின் தசை வளரும். கிழமையில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் பயின்று, இடைநாட்களில் ஓய்வு கொள்க. பரீட்சைக் காலத்திலும் எட்டு மணி நேர உறக்கத்தைக் குறைத்தல் ஆகாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. காரணமின்றி நிறை குறையின், நீரிழிவு, காசநோய், தைரோயிட் சுரப்பியின் மிகையியக்கம் ஆகியன உண்டோவென மருத்துவரிடம் முதலில் அறிதல் வேண்டும். உடல் பெருக்குமெனக் கூறி விற்கப்படும் மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீரொயிட் மருந்துகள் மறைவாகக் கலக்கப்பட்டிருந்தமை பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அவை தரும் பருமன் தசையன்று; நோயின் வீக்கமேயாகலாம்.

கிழமைக்குக் கால் கிலோகிராம் நிறை ஏறுவதே நல்ல வளர்ச்சி. ஒரு தவணைக்குள் அது மூன்று கிலோகிராம் ஆகும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. மெலிந்த மாணவனை நகையாது, இவ்வுண்மையை அவனுக்கு எடுத்துரைப்பது ஆசிரியராகிய நம் கடனன்றோ?