கோடும் கட்டளையும்

கட்டட வரைபடத்தின் பெரும்பகுதி நேர்கோடுகளால் ஆனது. முற்காலத்தில் வரைவாளர் பலகையில் தாளைப் பொருத்தி, அளவுகோலை நகர்த்தி அவற்றை வரைந்தார். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரல், ஒளிப்பேனாவால் கணினித் திரையிலேயே கோடு வரைய வழிசெய்தது. 1982இல் ஆட்டோகேட் மென்பொருள் வெளிவந்தது. அதில் கோடு வரைய 'லைன்' என்னும் கட்டளையைத் தட்டச்சு செய்யலாம். வரைவாளர் மீண்டும் மீண்டும் இடும் கட்டளை இதுவாதலால், இதனைச் சுருக்கிக்கொள்ளும் வழிகளை அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

5000 மில்லிமீட்டர் நீளமும் 4000 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலை (1200, 800) என்னும் புள்ளியில் உள்ளது. ஒவ்வொரு மூலையின் ஆயத்தொலைவையும் கணக்கிட்டு இடுபவர், (6200, 800), (6200, 4800), (1200, 4800) என்று கூட்டிக்கொண்டே செல்ல வேண்டும். ஒரு கூட்டல் தவறினாலும் சுவர் கோணலாகிவிடும். மாறாக, 'எல்' என்னும் ஒற்றை எழுத்தை இட்டு முதற்புள்ளியைக் கொடுத்தபின், எஃப்8 விசையை அழுத்தினால் கோடு கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டுமே செல்லும். பிறகு சுட்டியை உரிய திசையில் நகர்த்தி 5000, 4000, 5000 என நீளங்களை மட்டும் கொடுத்தால் போதும். இறுதியில் 'சி' என்று இட்டதும் வடிவம் மூடிக்கொள்ளும். இங்குக் குறைந்தவை எழுத்துகள் மட்டுமல்ல; பிழை நேரும் இடங்களும் குறைந்துள்ளன.

அறைக்கு 230 மில்லிமீட்டர் கனமுள்ள சுவர் எழுப்ப வேண்டுமெனில், 'எல்' கட்டளையினும் 'பிஎல்' சிறந்தது. முன்னது தருபவை நான்கு தனிக்கோடுகள். அவற்றை ஒவ்வொன்றாக வெளிப்புறம் படியெடுத்தால் மூலைகள் திறந்தே நிற்கும். பின்னது தருவது தொடர்ந்த ஒரே வடிவம். 'ஆஃப்செட்' கட்டளையை ஒருமுறை இட்டாலே வெளிச்சுவர் முழுமையாகக் கிடைத்துவிடும்.

சுவர், மின்கம்பி, அளவுக்குறிப்பு முதலியவற்றை வரைவாளர் தனித்தனி அடுக்குகளில் வைப்பார். கோடு தவறான அடுக்கில் விழுந்தால் பின்னர் இடர் விளையும். சுவர் அடுக்கை மறைக்கும்போது அளவுகளும் உடன் மறைந்துபோகக்கூடும். இதனைத் தவிர்க்க, ஆட்டோலிஸ்ப் மொழியில் சிறு நிரல் எழுதலாம். அது சுவர் அடுக்கிற்கு மாறி, கோட்டை வரையச் செய்து, பழைய அடுக்கிற்குத் திரும்பும். வரைவாளர் இடையில் எஸ்கேப் விசையை அழுத்தினாலும் பழைய அடுக்கிற்குத் திரும்பும்படி அதனை எழுதுவது இன்றியமையாதது. பலரும் மறப்பது இதனைத்தான்.

வலக்கையில் சுட்டியைப் பிடித்திருப்பவருக்கு மற்றொரு தொல்லை உண்டு. 'எல்' எழுத்து விசைப்பலகையின் வலப்பக்கத்தில் இருப்பதால், இடக்கை அவ்வளவு தொலைவு செல்ல வேண்டும். ஆகவே சிலர், மென்பொருளின் சுருக்கப் பட்டியல் கோப்பைத் திறந்து, இடக்கைக்கு எட்டும் எழுத்தை 'லைன்' கட்டளைக்கு ஒதுக்குகின்றனர். 'சி' என்பது அப்பட்டியலில் வட்டம் வரைவதற்கு உரியது. அதனைப் படியெடுக்கும் கட்டளைக்கு மாற்றிக்கொள்வோரும் உளர். அவர்கள் பிறர் கணினியில் தூணொன்றைப் படியெடுக்க 'சி' என்று இட்டால், வட்டத்தின் மையம் எது என்று மென்பொருள் கேட்கும். எவரும் பயன்படுத்தாத எழுத்துச் சேர்க்கையைத் தேர்ந்தவருக்கு அந்தக் குழப்பம் இல்லை. அங்கு அவருடைய சுருக்கம் இயங்காது, அவ்வளவே.